ஷொக் வைத்ததா, வைக்காததா

மகளின் இடது மணிக்கட்டு முறிந்து மாக்கட்டுப் போட்டிருந்த நாட்களில் எங்கள் வீட்டில் எல்லோரும் கதைத்தது சைக்கிளைப் பற்றித்தான். எல்லோரும் என்றால் நான், மகள், கட்டாரில் இருந்து தொலைபேசியில் வரும் அவளுடைய தகப்பன். கை தானாகப் பொருந்திவிடும் என்று அவர்கள் இருவரும் தீர்மானித்துவிட்டார்கள். சைக்கிள்தான் பாவமாம். அதன் ஃபோர்க் வளைந்து, எண்ணெய் ஒழுகிக்கொண்டு கிடக்கிறதாம். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஃபோர்க் என்றால், முன்சில்லை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு மேலே ஹாண்டிலில் போய் முடியும் கவை. சின்ன வயதிலிருந்து சைக்கிள் ஓடுகிற எனக்கு அதற்கு ஒரு பெயர் இருப்பதே இப்போதுதான் தெரியும். அதில் இரண்டு வகை. ஒன்று வெறும் இரும்புக் குழாய். அசையாது, வளையாது. அதை ரிஜிட் என்பாள் மகள். மற்றதன் உள்ளே காற்றும் எண்ணெயும் இருக்கும், இடித்தால் அமுங்கி எழும்பும். அதற்கு அவள் வாயில் ஒரு நீளமான இங்கிலீஷ் பெயர் உண்டு. ஆட்டோக்காரர்கள் சொல்வதுபோல எனக்கு அது ஷொக்.

அந்தச் சைக்கிள் எங்கள் வளவுக்குள் வந்ததே ஒரு தவறான கணக்கில்தான். கணவர் வேலை செய்யும் இடத்தில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் ஊருக்குப் போகும்போது அதை விட்டுவிட்டுப் போனாராம். மகள் வகுப்புக்குப் போய்வர உதவும் என்று நினைத்து, இவர் அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, பால்மா, சவர்க்காரம், போர்வைகளோடு கார்கோ பெட்டியில் போட்டு அனுப்பினார். பூட்டிப் பார்த்தால் சீட் முழங்கால் உயரத்தில் நிற்கிறது. மட்கார்ட் இல்லை, கரியர் இல்லை, பெல்லும் இல்லை.

“இதில இருந்து ஓட ஏலாதே புள்ள” என்றேன்.

“இது இருந்து ஓடுற சைக்கிள் இல்லம்மா” என்றாள். கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாள். எங்கேயோ ஒரு நாட்டில், மண்ணைக் குவித்து வைத்து, ஒரு குவியலில் ஏறி ஆகாயத்தில் போய் அடுத்த குவியலில் இறங்குகிறார்கள். சைக்கிள் இதே சைக்கிள். நான் பார்த்துவிட்டு மீன் வெட்டப் போய்விட்டேன். எங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைத்தேன்.

சம்பந்தம் பின்வளவில் குவிந்து கிடந்தது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் செய்துவைப்பார்கள். நான் இருக்கும் வீடு என் அம்மா எனக்குத் தந்தது. கணவர் இந்த வீட்டுக்குத்தான் மாப்பிள்ளையாக வந்தார். மகளுக்குப் பின்வளவு. அது வாவியைப் பார்த்துச் சரிந்த பள்ளக்காணி, மாரியில் தண்ணீர் ஏறிவிடும். ஆகவே முதலில் கிறவல் மண் போட்டு உயர்த்த வேண்டும். கணவர் கட்டாருக்குப் போனதே அந்த வீட்டுக்காகத்தான். உழவு இயந்திரம் பெட்டி பெட்டியாக மண்ணைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது. மேசன் இன்றைக்கு வாறன், நாளைக்கு வாறன் என்று சொல்லிவிட்டு வாழைச்சேனைப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். மகளோ ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, கம்பஸ் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் வீட்டில் இருந்தாள்.

நான் பிரதேச சபை நூலகத்தில் வேலை செய்கிறேன். காலையில் போனால் பின்னேரம்தான் திரும்புவேன். ஒருநாள் வந்து பார்த்தால் குவியல்கள் இடம் மாறியிருந்தன. ஒன்று சாய்ந்து ஏறி, நுனியில் வெட்டி விட்டதுபோல் நின்றது. ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கிற இடைவெளி. அதற்கு அங்கால் இன்னொரு குவியல். தண்ணீர் தெளித்து, மண்வெட்டியின் முதுகால் தட்டி, திண்ணென்று ஆக்கி வைத்திருந்தாள். சாணி போட்டு மெழுகாததுதான் குறை.

“ஆர்ட மண் தெரியுமா இது?” என்று கத்தினேன். நூலகத்தில் நாள் முழுவதும் மற்றவர்களைச் சத்தம் போடவேண்டாம் என்று சொல்கிறவள் நான். வீட்டுக்கு வந்தால் அந்தக் கணக்கைத் தீர்த்துவிடுவேன்.

“என்ட மண்தானே” என்றாள் அமைதியாக. “என்ட வீட்டுக்கு வந்த மண்.”

பக்கத்து வளவுக்காரி வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னகா, மகள்ட வீட்டுக்கு அத்திவாரம் இப்பிடியா போடுற?” என்று கேட்டாள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் நான் சிரிக்கவில்லை.

விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை, நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சத்தம் பெரிதாக இல்லை. அரிசி மூட்டையை இறக்கினால் எப்படிக் கேட்குமோ அப்படி. அவள் கூப்பிடவும் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டாவது குவியலின் அடியில் இருந்துகொண்டு, தன் இடது கையை வலது கையால் தூக்கிப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு இருக்கவேண்டிய திசையில் இல்லை. என் மகள் இடக்கைக்காரி. எழுதுவது, தைப்பது, தலை பின்னுவது எல்லாம் அந்தக் கையால்தான்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் எலும்பை இழுத்துப் பொருத்திக் கட்டுப் போட்டார்கள். டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, “இந்த முறை தப்பிச்சது அம்மா. இதே இடம் இன்னொருக்கா முறிஞ்சா கம்பி வைக்கவேணும். மறுகா இந்தக் கை பழையபடி திரும்பும் எண்டு சொல்ல ஏலாது” என்றார். மகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள். ஆட்டோவில் வரும்போது அவள் கேட்ட முதல் கேள்வி, “அம்மா, சைக்கிள மழை படாம எடுத்து வச்சீங்களா?”

சைக்கிளைத் தூக்கி எறிந்தால் என்ன என்று கேட்பீர்கள். என் தங்கையும் கேட்டாள். நான் அதைச் செய்து பார்க்காமலா இருந்தேன்? விறகுக் கொட்டிலில் போட்டுப் பூட்டி, திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிந்தேன். அவள் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்தால் எனக்குத் தெரியும், நான் சளைத்தவள் இல்லை. அவள் சும்மா இருந்தாள். காலையில் எழும்பி, முகம் கழுவி, முன்விறாந்தையில் வந்து இருந்தால் பின்னேரம் நான் வரும்போதும் அதே கதிரை. கேட்டால் பதில், கொடுத்தால் சாப்பாடு. பரீட்சைக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் முகத்தில் நான் சிரிப்பைக் கண்டதே அந்த மண்ணில்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வாரமே திறப்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். அதைப் போலத் தோற்றுப்போனதாக நான் வேறு எப்போதும் உணரவில்லை.

கட்டுக் கழற்ற நாள் நெருங்கியபோது கணவர் தொலைபேசி எடுத்தார். அவரோடு வேலை செய்யும் ஏறாவூர்க்காரர் ஒருவர் லீவில் வருகிறாராம். அவருடைய பெட்டியில் ஒரு ஃபோர்க் வைக்க இடம் இருக்கிறதாம். ஒன்றே ஒன்றுதான்.

“ரெண்டு சாதியும் இஞ்ச கடையில இருக்கு. வெள்ளிக்கிழமை அவர் பயணம். எது எண்டு நீ சொல்லு” என்றார்.

“எனக்கு என்ன தெரியும்? பாயிறவளக் கேளுங்க.”

“அவள் ரிஜிட் எண்டுதான் சொல்லுவாள். எனக்கு ஷொக்தான் நல்லம் எண்டு படுகுது. ஆனா நான் தூரத்தில இருக்கிறன். பக்கத்தில இருந்து பாக்கிறது நீதானே.”

பக்கத்தில் இருந்து பார்க்கிறது நான். அந்த வசனம் எனக்குள் ஒரு முள்ளைப்போல் ஏறிவிட்டது. பாய்கிறதை என்னால் தடுக்க முடியவில்லை. விழுகிறதையும் தடுக்க முடியாது. இரும்பா காற்றா என்று சொல்கிற வேலை மட்டும் எனக்கு மிச்சம் இருந்தது. மகளைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினேன்.

“சரி, சொல்லு. எது போட்டா விழமாட்டாய்?”

“விழுறது ஃபோர்க் இல்லம்மா. நான்தான்.”

“அப்ப எது போட்டா கை முறியாது?”

அவள் மாக்கட்டுக் கையை ஹாண்டில்போல் நீட்டி விளக்கத் தொடங்கினாள். ரிஜிட் பாரம் குறைவு. ஏறி விடும்போது முன்சில்லு நினைத்த உடனே எழும்பும். ஷொக் என்றால் ஏறும்போதே அமுங்கி, எழும்புகிற வேகத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். எங்கள் வாவியின் உப்புக் காற்றில் ஷொக்கின் பளபளப்பான குழாயில் துரு வரும், மணல் உள்ளே போனால் ரப்பர் அறும். திருத்த இங்கே ஆள் இல்லை. ரிஜிட்டில் அந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. ஆனால் பழைய ஃபோர்க்கின் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும், கட்டையாக இருந்தால் சைக்கிள் முன்னுக்குக் குனிந்து ஆளைத் தள்ளிவிடும்.

“இறங்கும்போது?” என்று கேட்டேன். “அதச் சொல்லாம விட்டுட்டாய்.”

“இறங்கும்போது ரிஜிட் கொஞ்சம் அடிக்கும்” என்றாள். “பிழையா இறங்கினா பிழை எண்டு கைக்குத் தெரியும். அப்பிடித்தான் பழகலாம்.”

கைக்குத் தெரியுமாம். எந்தக் கைக்கு?

அடுத்தநாள் வேலை முடிந்து காத்தான்குடிக்குப் போனேன். என் சைக்கிளைப் பல வருடமாகத் திருத்தித் தருகிறவர் அங்கே கடை வைத்திருக்கிறார். வயதில் மூத்தவர், காக்கா என்றுதான் கூப்பிடுவேன், அண்ணன் முறை. நான் முழுக்கதையையும் சொல்ல, அவர் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, என்ட கடைக்கு வாறது மீன் பெட்டி கட்டுற சைக்கிளும் பள்ளிக்குப் போற சைக்கிளும். பாயிற சைக்கிளுக்கு என்ன பூட்டுற எண்டு எனக்குத் தெரியா” என்றார். “ஷொக் போட்டா கைக்கு நல்லம் எண்டு சொல்லத் தோணுது. ஆனா சொல்லிப்போட்டு, மறுகா ஒண்டு நடந்தா நான் உங்கட முகத்தில முழிக்க ஏலாது. நீங்களே யோசிச்சுச் செய்யுங்க.”

அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நானும் அதற்குத்தான் பயந்து அவரிடம் போனேன். யாராவது ஒருவர் சொன்னார், ஆகவே வாங்கினோம் என்று பிறகு சொல்லிக்கொள்ள எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் கிடைக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு மதகு இருக்கிறது. அதன் சீமெந்து ஓரம் பாதையை விட ஒரு சாண் உயரம். தினமும் இறங்கி உருட்டிக்கொண்டு போகிற இடம். அன்றைக்கு என்ன பிடித்ததோ தெரியாது, என் சைக்கிளின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தேன். வெறும் இரும்புக் கவை. இவ்வளவு காலமும் நான் ஓடியதும் ரிஜிட்தான். ஒழுங்கையில் ஆள் இல்லை. கைப்பையைக் கரியரில் இறுக்கிக் கட்டிவிட்டு, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கொஞ்சம் வேகம் எடுத்து அந்த ஓரத்தால் சைக்கிளை விட்டேன்.

ஒரு சாண் உயரம்தான். முன்சில்லு தரையில் விழுந்ததும் அடி நேரே மணிக்கட்டில் ஏறி, முழங்கை, தோள் என்று போய்ப் பல்லில் நின்றது. விரல்கள் விறைத்துப்போய் பிரேக்கைப் பிடிக்கக்கூட முடியவில்லை. வேலிக்குள் போய் மோதித்தான் நின்றேன். ஐம்பது வயதில் ஒரு நூலகப் பெண் மதகில் பாய்ந்து வேலிக்குள் நிற்கிறாள். யாராவது கண்டிருந்தால் வருடக்கணக்கில் சொல்லிச் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. அவள் என் தலை உயரத்தில் இருந்து இறங்குகிறாள். பொருந்தியும் பொருந்தாத அந்த எலும்போடு.

வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் தொலைபேசியை எடுத்தேன். “ஷொக் வச்சதையே குடுத்து விடுங்க” என்றேன். கணவர் ஏன் என்று கேட்கவில்லை. மகள் கேட்டாள். “என்ட கை நோவுது, அதான்” என்று சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை, நானும் விளக்கவில்லை.

ஏறாவூர்க்காரர் தன் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த விளையாட்டுச் சாமான்களுக்கு நடுவில் அதைப் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். கறுப்பு நிறம், நல்ல பாரம். காக்காவின் கடையில் வைத்து அதைச் சைக்கிளில் பூட்டினார்கள். நான் முன்னால் நின்று ஹாண்டிலை அமுக்கிப் பார்த்தேன். மெதுவாக இறங்கி, மெதுவாக எழும்பியது. கல்யாண வீட்டுச் சோஃபாவில் இருந்து எழும்பினால் எப்படியோ அப்படி. அன்றைக்கு இரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன். பல வாரத்துக்குப் பிறகு.

அந்த நிம்மதிக்கு ஆயுசு குறைவு. ஃபோர்க்கோடு ஒரு சின்னப் பம்பும் வந்திருந்தது. காற்றைக் கூட்டினால் கடினம், குறைத்தால் மெத்து. கட்டுக் கழற்றி, கைக்குப் பயிற்சி கொடுத்து, சைக்கிளில் ஏறிய முதல் நாளே அவள் பம்பை எடுத்து அடித்தாள்.

“என்ன செய்யிறாய்?”

“கொஞ்சம் இறுக்கமா வைக்கிறன் அம்மா. இல்லாட்டி எழும்பாது.”

“எவ்வளவு இறுக்கம்?”

“எனக்குக் காணுமான அளவு.”

நான் வாங்கியது ஷொக். அதற்குள் எவ்வளவு ரிஜிட் வைப்பது என்று அவள் தீர்மானிக்கிறாள். “கொஞ்சம் காத்தத் திறந்துவிடு புள்ள” என்று கெஞ்சினேன். நான் கெஞ்சினேன். எனக்காகத் துளி திறந்துவிட்டாள். இஸ் என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். நான் செய்யக்கூடியது துடைப்பது ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்கும் என்று சொன்னாளே, அதனால் பின்னேரம் வேலையால் வந்ததும் பழைய சேலைத்துணி ஒன்றால் அந்தக் குழாய்களைத் துடைத்து வைப்பேன். சுவாமிப் படத்தைக்கூட நான் அவ்வளவு கவனமாகத் துடைத்ததில்லை.

எனக்கு இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது, மேசன். அத்திவாரம் வெட்டத் தொடங்கினால் மண் பரவப்பட்டுவிடும். மண் போனால் பாய்ச்சலும் போகும். யாரும் யாரையும் தடுக்கத் தேவையில்லை. ஆகவே அவருக்கு விடாமல் தொலைபேசி எடுத்தேன். கடைசியில் வந்து காணியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பள்ளம் இன்னும் நிரம்பல்ல அக்கா. இன்னொரு பெட்டி மண் பறிச்சு வையுங்க, உடனே தொடங்குவம்” என்றார். அடுத்தநாளே நான் மண்ணைச் சொல்லி, நின்று பார்த்து வளவில் கொட்டிப் பறிக்கவும் வைத்தேன். அன்று இரவே மழை பிடித்தது. மேசன் தொலைபேசியில், “மாரி முடியட்டும் அக்கா. ஈரத்தில வெட்டினா சுவர் வெடிக்கும்” என்று சொல்லிவிட்டார். புது மண் வளவில் கிடந்தது. மகள் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

ஒரு சனிக்கிழமை மழை விட்டிருந்தது. “வந்து பாருங்கம்மா” என்று கூப்பிட்டாள். நான் அதுவரை முழுதாக நின்று பார்த்ததில்லை. குசினி யன்னலால் பார்ப்பேன், எழும்பும்போது கண்ணை மூடிவிடுவேன். அன்றைக்குப் போய் இரண்டாவது குவியலுக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் வேலியோரம் இருந்து மிதித்து வந்து, ஏறி, எழும்பினாள். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. என் பிள்ளை என் தலைக்கு மேலால் போனாள். முகம் அப்படியொரு நிம்மதியாக இருந்தது. சரிவில் இறங்கியபோது முன்பக்கம் ஒருக்கா அமுங்கி எழும்பியது. சத்தமே இல்லை. நான் பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டேன். நான் தெரிந்தெடுத்தது சரி, இவள் கை தப்பிவிட்டது என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன்.

“நோகல்லையா?”

“கொஞ்சமும் இல்லம்மா. பழைய ஷொக் பழுதுதானே, முந்தி இறங்கினா பல்லு வரைக்கும் அடிக்கும். இப்ப தெரியவே இல்ல. நீங்க சொன்னதுதான் சரி.” சிரித்துக்கொண்டு சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு மண்வெட்டியை எடுத்தாள்.

“என்ன புள்ள?”

“இன்னும் ஒரு முழம் உயத்தப்போறன். இந்த ஷொக் தாங்கும்.”

அவளுடைய கைக்காக நான் வாங்கிய மெத்தையை அவள் உயரத்துக்குச் செலவழிக்கப் போகிறாள். ரிஜிட் என்று சொல்லியிருந்தால் நோவாவது அவளைப் பழைய உயரத்தில் மறித்திருக்கும். ஆனால் அந்த நோவே அவள் எலும்பை உடைத்திருக்கவும் கூடும். எதைச் சொல்லியிருந்தாலும் நான் இதே இடத்தில்தான் வந்து நின்றிருப்பேன். மண்ணும் நான் சொல்லிப் பறித்த மண்.

“வேணாம் புள்ள” என்றேன். அவள் கேட்டாள்தான். கேட்டுவிட்டு, “பயப்பிடாதீங்கம்மா” என்று என் தோளைத் தட்டினாள். மேசன் விட்டுவிட்டுப் போன, மண் சுமக்கிற இரும்புத் தாச்சியில் புதுக் குவியலில் இருந்து மண்ணை நிரப்பினாள். ஈர மண், கல்லுப் பாரம். குனிந்து இரண்டு கையாலும் தூக்கியபோது இடது மணிக்கட்டு ஒருபக்கம் மடங்கியது. முகம் சுருங்கிப்போயிற்று. சத்தம் காட்டாமல் தாச்சியை நிலத்தில் வைத்து, கையை உதறிவிட்டு, மறுபடி குனிந்தாள்.

“விடு. கொண்டா இஞ்ச” என்றேன்.

தாச்சியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினேன். அவள் மேலே நின்று எந்த இடத்தில் கொட்ட வேண்டும் என்று காட்டினாள். கொட்டினேன். காலால் மிதித்து இறுக்கச் சொன்னாள். இறுக்கினேன்.

“காணுமா?” என்று கேட்டேன்.

“இன்னும் கொஞ்சம் வேணும் அம்மா.”

நான் இறங்கி மறுபடி மண் அள்ளப் போனேன்.